அரை கிரவுண்டு வீட்டில் டர்ஃப் போடலாமா?

ராத்திரி எட்டு மணிக்கு மேல் மணிக்கணக்கில் வாடகை பேசி டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் தரையில், விளையாடுவது வடசென்னைப் பிள்ளைகளுக்கு இன்று பழகிப்போன விஷயம். வாடகை கொடுக்க முடியாதவர்களுக்கு மாநகராட்சியின் செயற்கைப் புல் திடல்கள் இருக்கின்றன. 2024 அக்டோபரில் அந்தக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டுக் கட்டணம் வாங்கலாம் என்று மாநகராட்சி முடிவெடுத்தபோது கிளம்பிய எதிர்ப்பும், உடனே அந்த முடிவு கைவிடப்பட்டதும், இந்தத் தரை நம் ஆட்களுக்கு எவ்வளவு நெருக்கமாகிவிட்டது என்பதைக் காட்டின. அதே பச்சைத் தரையை நம் வீட்டு மாடியிலோ முன்வாசலிலோ போட்டால் என்ன என்ற யோசனை இப்போது பல வீடுகளில் எழுகிறது.

ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், கொளத்தூர், திருவொற்றியூர் என்று எங்கே பார்த்தாலும் அரை கிரவுண்டு, அதாவது 1200 சதுர அடி மனை இருந்தாலே அது வசதியான வீடு. 600 சதுர அடியில், சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீடுகள்தான் அதிகம். அப்படிப்பட்ட இடத்தில் டர்ஃப் போட முடியுமா என்றால், முடியும். எந்த விளையாட்டுக்கு, எங்கே, எதன் மேல் என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு போட வேண்டும். அவ்வளவுதான்.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் டர்ஃப் போட நினைப்பவர்கள் புல்லைத் தேர்ந்தெடுப்பதற்கே நேரத்தையெல்லாம் செலவிடுகிறார்கள். எந்தப் பச்சை, எத்தனை மில்லிமீட்டர், சதுர அடி என்ன விலை என்று கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். ஆனால் தளம் நன்றாக அமைவது முக்கால்வாசி, புல்லுக்கு அடியில் மழைத்தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவமழையை வாங்கும் ஊரில், அதிலும் தாழ்வான வடசென்னையில், தண்ணீரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது.

புல்லுக்குள் என்ன இருக்கிறது

செயற்கைப் புல் பரவிய கதை நம் சந்துகளுக்கும் பொருந்தும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை மூடிய அரங்கம் 1965ல் திறக்கப்பட்டது. கூரையில் ஒளி புகும் பலகைகள் வைத்து, உள்ளே அசல் புல் வளர்த்தார்கள். மேலே பந்தைப் பார்க்கும்போது ஆட்டக்காரர்களுக்குக் கண் கூசியது என்று அந்தப் பலகைகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெயில் நின்றது, புல் செத்தது. 1966ல் நைலான் இழைப் புல்லை விரித்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கியும் செயற்கைத் தளத்துக்கு மாறியது. நம் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் 2023 ஆகஸ்டில் இந்தியா ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்றதும் செயற்கைத் தளத்தில்தான். இரண்டு பக்கமும் மாடிகள் நெருக்கி நிற்கும் நம் வீட்டு ஓரத்தில் அசல் புல் பிழைக்காததற்கும் காரணம் அதேதான்: வெயில் இறங்குவதில்லை.

கடையில் கொடுக்கும் சாம்பிள் துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கறுப்பாக ஒரு பூச்சு இருக்கும். லேடெக்ஸ் அல்லது பாலியூரித்தேன். அதற்குள் பாலிப்ரொப்பிலீன் துணி. அந்தத் துணியில் தையல் போட்டுத்தான் இழைகளை நிறுத்தியிருக்கிறார்கள், வரிசை வரிசையாகத் தெரியும். நடுநடுவே சின்ன ஓட்டைகள் இருக்கும். தண்ணீர் இறங்குவது அதன் வழியாகத்தான். அப்படியே துண்டைக் குழாயடிக்கு எடுத்துப்போய் ஒரு டம்ளர் தண்ணீரை மேலே ஊற்றுங்கள். அடியில் சொட்டாவிட்டால் அது திறந்தவெளிக்கு ஆகாது. அடுத்து, ஒரு கொத்து இழையை இரண்டு விரலால் பிடித்து நன்றாக இழுங்கள். கையோடு வந்துவிட்டால் பின்பூச்சு மோசம் என்று அர்த்தம். பிள்ளைகள் ஷூ போட்டு ஓடினால் அதுவேதான் நடக்கும்.

இழைகளில் வீட்டுக்கு இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். பாலிஎத்திலீன் மெத்தென்று இருக்கும், விளையாட்டுப் புல் பெரும்பாலும் இதில்தான் வருகிறது. பாலிப்ரொப்பிலீன் விறைப்பானது, விலை குறைவு, முழங்கால் பட்டால் தோல் சிராய்க்கும். விற்பவர் 'டிடெக்ஸ்' என்று ஒரு எண் சொல்வார். 10,000 மீட்டர் இழை எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்த எண். அதிகம் என்றால் இழை கனமானது. ஒரு சதுர மீட்டரில் எத்தனை தையல் என்பது இன்னொரு எண். இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். கனமான இழையை நெருக்கமில்லாமல், இடைவெளி விட்டுத் தைத்தும் விற்கிறார்கள்.

உயரம் கூடினால் தரம் கூடும் என்று நினைத்துவிட வேண்டாம். கால்பந்துத் திடலில் 40 முதல் 60 மில்லிமீட்டர் வரை உயரமான புல் போட்டு, உள்ளே மணலும் ரப்பர் தூளும் நிரப்புவார்கள். அந்த நிரப்பல்தான் இழையை நிமிர்த்தி வைக்கிறது. கிரிக்கெட்டுக்கும் பலவகை விளையாட்டுக்கும் 10 முதல் 15 மில்லிமீட்டர் குட்டைப் புல்தான் சரி. இடையில் 25, 35 மில்லிமீட்டரில் பால்கனிக்கு விற்கும் அலங்காரப் புல் பார்க்க அழகு. அதன் மேல் பந்து ஆடினால் கொஞ்ச நாளில் படுத்துவிடும், பந்தும் சேற்றில் மாட்டியது போல நிற்கும்.

ரப்பர் தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய டயரை அரைத்துச் செய்வது அது. காலணியில் ஒட்டி வீட்டுக்குள் வரும், மழையில் மிதந்து போகும். நம் மாடியிலிருந்து போனால் எங்கே போகும்? தெரு வடிகால், அங்கிருந்து ஓட்டேரி நல்லா கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கடல். ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் கட்டுப்பாட்டில் இந்த வகை நிரப்பலின் விற்பனையை 8 ஆண்டு அவகாசத்துக்குப் பிறகு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே எல்லாக் கழிவையும் சுமக்கிற நம் கால்வாய்களில் நாமும் ஒரு மூட்டை ரப்பரைக் கொட்ட வேண்டாம். வீட்டுக்கு நிரப்பல் தேவைப்படாத குட்டைப் புல், இல்லையென்றால் மெல்லிய மணல் மட்டும் போட்ட புல் போதும்.

எந்த விளையாட்டுக்கு

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 'எல்லா கேமும் ஆடலாம் சார்' என்று சொல்லி டர்ஃபை விற்பார்கள். ஆட முடியாது. கூடைப்பந்து இதில் ஒழுங்காக எகிறாது. வலைக்கு மேல் மட்டையால் பந்தடிக்கும் பிக்கிள்பாலுக்கும் கெட்டியான தரை வேண்டும். பேட்மின்டனில் பந்து தரையில் படாததால் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் சட்டென்று கால் மாற்றும்போது ஷூ புல்லில் பிடித்துக் கணுக்கால் பிசகும், மொட்டை மாடிக் கடல் காற்றில் இறகுப் பந்தும் நேராகப் போகாது. அளவும் இடிக்கும்: பேட்மின்டன் கோர்ட்டும் பிக்கிள்பால் கோர்ட்டும் 44 அடிக்கு 20 அடி, அதற்கு வெளியே ஓட இடம் தனி. இந்த விளையாட்டுகள்தான் உங்கள் வீட்டில் ஓடும் என்றால், நல்ல சிமென்ட் தரையைச் சீர்செய்து கோடு போடுங்கள். டர்ஃப் செலவு மிச்சம்.

டர்ஃபுக்குப் பொருந்துவது கால்பந்தும் கிரிக்கெட்டும். அதிலும் முழு ஆட்டம் ஆட இடம் கிடையாது. கிரிக்கெட் பிட்ச் மட்டுமே 66 அடி நீளம், 10 அடி அகலம். ஐவர் கால்பந்துக்கு 25 மீட்டர் நீளமாவது வேண்டும். அதனால் வீட்டுத் தளத்தைப் பயிற்சி இடம் என்று எண்ணிக்கொள்வதே நல்லது. 10 அடிக்கு 20 அடி இருந்தால் ஒரு பிள்ளை சுவரில் தட்டித் தட்டிப் பாஸ் பழகலாம், இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கடந்து போகப் பழகலாம். 15 அடிக்கு 15 அடி இருந்தால் மூன்று பேர் வட்டமாகப் பந்தை வைத்துக்கொள்ள, நடுவில் ஒருவர் பறிக்கலாம். பந்தைக் காலோடு ஒட்டி வைக்கும் திறமை இப்படிச் சின்ன இடத்தில்தான் வளரும். வியாசர்பாடி, புளியந்தோப்புத் தெருக்களில் பந்து உதைத்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கிரிக்கெட் என்றால் 30, 40 அடி நீளச் சந்து ஒன்று போதும். பெரியவர் கையால் டென்னிஸ் பந்தைப் போட, பிள்ளை நேர்மட்டையில் ஆடிப் பழகலாம்.

வீட்டில் மற்றவர்களையும் கேளுங்கள். மொட்டை மாடி என்பது துணி காய்வதும், வடாம் பிழிவதும், கோடையில் காற்றுக்குப் படுப்பதும் நடக்கிற இடம். தண்ணீர்த் தொட்டி ஒரு மூலையில் நிற்கும். இதையெல்லாம் விரட்டிவிட்டு மாடி முழுக்கப் பச்சை விரித்தால் வீட்டில் தினம் சண்டைதான். ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

அளவெடுக்கும்போது ஒரு கணக்கு

புல் ரோலாக வருகிறது. பொதுவாக 2 மீட்டர் அல்லது 4 மீட்டர் அகலம். ரோலின் அகலத்தை மனதில் வைக்காமல் அளவெடுத்தால் காசு வீணாகும். ஒரு உதாரணம் பாருங்கள்.

உங்களிடம் 15 அடிக்கு 20 அடி இடம், 300 சதுர அடி இருக்கிறது. 2 மீட்டர் ரோல் என்பது சுமார் 6 அடி 6¾ அங்குலம். 20 அடி நீளவாக்கில் விரித்தால் இரண்டு பட்டையில் 13 அடிதான் மூடும். மீதி 2 அடிக்கு மூன்றாவது பட்டை வாங்கி, அதில் பெரும்பகுதியை வெட்டி எறிய வேண்டும். மொத்தம் கிட்டத்தட்ட 394 சதுர அடிக்குப் பணம் கொடுப்பீர்கள். ரோலைத் திருப்பி, 15 அடி வாக்கில் விரித்துப் பாருங்கள். மூன்று பட்டையில் 19 அடி 8 அங்குலம் மூடிவிடும். வாங்க வேண்டியது 295 சதுர அடி. மீதி நிற்கும் 4 அங்குலத்தை ஓரத்தில் தண்ணீர் ஓடும் வாய்க்காலாக விட்டுவிடலாம். திருப்பிப் போட்டதில் நூறு சதுர அடிப் புல் மிச்சம். கொட்டேஷன் வாங்கும் முன் ஒரு கட்டம் போட்ட நோட்டில் இதை வரைந்து பார்த்துவிடுங்கள்.

தண்ணீர், தண்ணீர், தண்ணீர்

முன்வாசல் என்றால் முதல் கேள்வி, 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அங்கே தண்ணீர் ஏறியதா என்பது. ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு, பல தெருக்களில் வீட்டு வாசல் பள்ளமாகிவிட்டது. அங்கே ஏறுவது மழைத்தண்ணீர் மட்டுமா? சாக்கடையும் கலந்து வரும். மிக்ஜாமின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் வந்து வீட்டுச் சுவர்களிலெல்லாம் ஒட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு தண்ணீர் ஏறி இறங்கிய புல்லை எத்தனை முறை கழுவினாலும் பிள்ளைகளை விளையாட விட முடியாது. வாசலில் தண்ணீர் ஏறும் வீடு என்றால் தரைத்தளத்தில் டர்ஃப் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆசை விடவில்லை என்றால், ஒட்டாமல், சுருட்டி மாடிக்கு எடுத்துப் போகிற மாதிரி சின்னப் பட்டையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஏறாத மண் தரை என்றால் அடித்தளம் போட வேண்டும். அரை அடி தோண்டி, மண்ணை நன்றாக இடித்து, பெரிய ஜல்லி, அதற்கு மேல் சின்ன ஜல்லி, கடைசியில் ஒரு அங்குலம் ஜல்லித் தூள். ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகத் தண்ணீர் தெளித்து இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் தட்டினால் முதல் மழையிலேயே அங்கங்கே குழி விழும். காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடற்கரை மணல், தண்ணீரைத் தானாக உறிஞ்சிவிடும். கடலை விட்டு ஊருக்குள் போகப் போகக் களிமண் வரும். அங்கே ஜல்லிக்குள் ஓட்டை போட்ட ஒரு குழாயைப் புதைத்து வெளியே வழி காட்டாவிட்டால் தண்ணீர் அப்படியே நிற்கும்.

சிமென்ட் தரைக்கும் மொட்டை மாடிக்கும் வாட்டம்தான் உயிர். நூற்றுக்கு ஒன்று, அதாவது 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் இறக்கம் இருந்தால் தண்ணீர் ஓடும், பந்து தானாக உருளவும் செய்யாது. வாட்டம் இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். நல்ல மழை நின்று அரை மணி நேரம் கழித்து மாடிக்குப் போங்கள். மழைக்காலம் இல்லையென்றால் குழாய் போட்டுத் தரை முழுக்க நனையுங்கள். எங்கெல்லாம் தண்ணீர் தேங்கியிருக்கிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் சுற்றிக் கோடு போடுங்கள். அந்தத் தேக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் காசைப் படுக்க வையுங்கள். காசு முழுதாக மூழ்கினால், புல் வருவதற்கு முன் அந்த இடத்துக்குக் கொத்தனார் வர வேண்டும். வெறும் தரையில் அந்தத் தேக்கம் அடுத்த நாள் வெயிலில் காய்ந்துவிடும். புல்லுக்கு அடியில் காயாது. நாலு நாளில் நாற்றம் அடிக்கும், பாசி பிடிக்கும், கொசுவும் வரும்.

மாடி ஒழுகுகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். ஒழுகும் மாடியில் டர்ஃப் போட்டால் விரிசல் எங்கே என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. மாடித் தரையில் பதித்த தட்டு ஓடு பெயர்ந்திருந்தால் மாற்றி, நீர்க்கசிவுப் பூச்சு அடித்து, ஒரு மழை பார்த்துவிட்டு அப்புறம் புல்லுக்கு வாருங்கள். தரைக்கும் புல்லுக்கும் நடுவே அடியில் குமிழ் வைத்த வடிகால் விரிப்பு ஒன்று போடலாம். தண்ணீர் அதற்கு அடியில் தடையில்லாமல் ஓடும், காலுக்கும் கொஞ்சம் மெத்தென்று இருக்கும்.

மழைநீர்க் குழாயின் வாயைப் புல்லால் ஒருபோதும் மூடக் கூடாது. அதைச் சுற்றி ஒரு அடி விட்டு வெட்டச் சொல்லுங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உங்கள் மாடித் தண்ணீரும் அந்தக் குழிக்கோ கிணற்றுக்கோதான் போகிறது. உதிரும் பிளாஸ்டிக் இழை அங்கே போய்ச் சேராமல், குழாய் வாயில் நெருக்கமான சல்லடை ஒன்று வைத்து வாரம் ஒருமுறை எடுத்துக் கழுவ வேண்டும். மழைக்காலத்தில் தினமும்.

மாடி தாங்குமா

இதை நாமே முடிவு செய்ய முடியாது, கட்டட இன்ஜினீயர் வந்து பார்க்க வேண்டும். ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் இன்னும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இருக்கின்றன. தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய கூரை. நூறு வருஷம் நிற்கும் அருமையான வேலை. ஆனால் அதன் மேல் பிள்ளைகள் குதித்து ஆடும் தளம் போடக் கூடாது. விதிவிலக்கே வேண்டாம்.

கான்கிரீட் மாடி என்றால், ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்கு இந்தியத் தர விதி வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 300 சதுர அடியில் மணல் நிரப்பிய புல் போட்டால் மணல் மட்டுமே நானூறு கிலோவைத் தாண்டும். குழாய் அடைத்து ஒரு அங்குலம் தண்ணீர் நின்றால் இன்னொரு 700 கிலோ. இவை பரவலாக இருப்பதால் நல்ல மாடி தாங்கிவிடும். பத்து வாலிபர்கள் ஒரே நேரத்தில் எகிறிக் குதிக்கும் அதிர்வு வேறு சங்கதி. வீட்டு மாடி அதற்காகக் கட்டப்பட்டதல்ல. இன்னொன்று, கடல் பக்கம் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் கீழ்ப்பக்கம் காரை உதிர்ந்திருக்கிறதா என்று அறைக்குள் நின்று மேலே பாருங்கள். உதிர்ந்திருந்தால் கூரையைச் சரிசெய்யும் செலவுதான் முதல் செலவு.

வலையும் பக்கத்து வீடும்

மாடியில் கைப்பிடிச்சுவருக்கு மேல் பத்தடி உயரத்துக்காவது வலை வேண்டும், மேலேயும் மூடினால் இன்னும் நல்லது. பச்சை நிழல்வலையைக் கட்டிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது காற்றைப் பாய்மரம் போலப் பிடிக்கும். சென்னைக்குக் கட்டட விதிகள் வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 வர்தா புயலில் மரங்கள் விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும். கண் அகலமான நைலான் வலை போதும். அதையும் கம்பியில் வளையம் கோத்துத் திரைச்சீலை மாதிரி தள்ளி ஒதுக்கும்படி மாட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் ஐந்து நிமிஷத்தில் கழற்றலாம். கம்பங்களை மாடித் தளத்தில் துளை போட்டு நட்டால் அங்கிருந்து ஒழுக ஆரம்பிக்கும். தூண் வரும் இடத்திலோ, தூணோடு சேர்ந்த சுவரிலோ பிடிக்க வேண்டும். சாதா இரும்பு இந்தப் பக்கம் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். துத்தநாகத்தில் முக்கியெடுத்த குழாய்தான் வாங்க வேண்டும். பக்கத்தில் மின்கம்பி போகிறது என்றால் மின்வாரியத்தில் கேட்காமல் ஒரு கம்பம்கூட நிறுத்தாதீர்கள்.

ஒட்டுச்சுவர் வீடுகளில் பந்து சுவரில் படும் ஒவ்வொரு அடியும் அடுத்த வீட்டுக் கட்டிலில் கேட்கும். அங்கே இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் தூங்குகிறவர் இருக்கலாம், விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகிறவர் இருக்கலாம். வேலை தொடங்கும் முன்பே போய்ப் பேசி, எத்தனை மணி வரை ஆடலாம் என்று வாய்வார்த்தையாக ஒத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

விரிக்கும் நாள்

ரோல் வந்ததும் உடனே ஒட்டிவிடக் கூடாது. சுருண்டே இருந்த புல் வெயிலில் சில மணி நேரம் விரிந்து கிடந்தால்தான் சுருக்கம் போகும். உள்ளங்கையால் தடவிப் பாருங்கள்: ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், எதிர்ப்பக்கம் குத்தும். எல்லாப் பட்டையும் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் அந்தப் பட்டை மட்டும் வேறு நிறமாகத் தெரியும், பந்தும் அங்கே வேறு மாதிரி உருளும்.

இணைப்புதான் நல்ல வேலைக்காரரைக் காட்டிக்கொடுக்கும் இடம். ரோலின் இரண்டு ஓரத்திலும் வெறும் துணி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தையல் வரிசையை ஒட்டி, பின்பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும். முன்பக்கம் வெட்டினால் இழைகள் அறுந்துபோகும். இரண்டு பட்டையின் நடுவே இடைவெளி, இரண்டு தையல் வரிசைக்கு நடுவே இருக்கும் இடைவெளி அளவுக்குத்தான் இருக்க வேண்டும். அடியில் இணைப்பு நாடாவை விரித்து, அதன் மேல் பாலியூரித்தேன் பசையைப் பல் வைத்த கரண்டியால் இழுத்து, இரண்டு ஓரத்தையும் மெதுவாக இறக்கி, இழை நடுவில் மாட்டாமல் விரலால் நீவிவிட்டு, மேலே மணல் மூட்டை வைத்து அழுத்துவார்கள். பசை காயும் வரை யாரும் ஏறக் கூடாது. இணைப்பு எங்கே என்று இரண்டடி தள்ளி நின்று தேடும்படி இருந்தால் வேலை சுத்தம். பிள்ளைகளின் கால் தடுக்கும்படி தூக்கிக்கொண்டிருந்தால் பிரித்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

வெயில், சாம்பல், தீபாவளி

கத்திரி வெயிலில் காற்று 40 டிகிரி இருக்கும்போது செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். வெறுங்காலில் நிற்கவே முடியாது. தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரத்துக்குச் சூடு இறங்கும், பிறகு பழையபடிதான். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற 2019ஐ நினைத்தால் அந்தத் தண்ணீரை வீணாக்க மனசும் வராது. மார்ச் முதல் ஜூன் வரை காலை ஏழரைக்கு முன், மாலை ஐந்துக்குப் பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு குறைய வெள்ளைப் பூச்சு அடித்த மாடி என்றால், அதன் மேல் கரும்பச்சையை விரித்ததும் அந்தப் பலன் போய்விடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

எண்ணூர், மணலி பக்கத்தில் சாம்பல் தூசும், துறைமுகச் சாலையோரங்களில் கன்டெய்னர் லாரிப் புழுதியும் அதிகம். இந்த நைசான தூசு மழையில் குழைந்து புல்லின் ஓட்டைகளை அடைக்கும். வாரம் ஒருமுறை விறைப்பான தும்புத் துடைப்பத்தால் இழை சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராகப் பெருக்கினால் தூசும் வெளியேறும், இழையும் நிமிரும். பூனை அசுத்தம் செய்தால் உடனே கழுவுங்கள், காயவிட்டால் நாற்றம் போகாது.

அப்புறம், தீபாவளி. பாலிஎத்திலீன் 130 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். ஒரு கம்பி மத்தாப்பின் பொறி அதைவிடப் பல மடங்கு சூடு. நாம் வெடிக்காவிட்டாலும் எதிர்வீட்டு ராக்கெட் நம் மாடியில்தான் விழும். அன்று சாயங்காலம் புல்லை நன்றாக நனைத்துவிட்டு, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் வைத்திருங்கள். போகி விடியலிலும் அப்படியே.

எத்தனை காலம், எப்போது

வெயில் தாங்கும் கலவை சேர்த்த நல்ல புல் எட்டு, பத்து ஆண்டு உழைக்கும். அதற்குப் பிறகு அது குப்பை. துணி, இழை, பூச்சு எல்லாம் வேறு வேறு பிளாஸ்டிக்காக ஒட்டியிருப்பதால் பழைய இரும்புக் கடைக்காரரும் எடுக்க மாட்டார். அது போய்ச் சேரும் இடம் கொடுங்கையூர்க் குப்பைமேடு. அந்த மலையின் புகையை மூச்சில் வாங்குகிறவர்களும் நாம்தான். அதனால் தேவைக்கு மேல் ஒரு சதுர அடிகூட வாங்க வேண்டாம். 200 சதுர அடி போதும் என்றால் 200தான்.

வேலைக்கு நல்ல காலம் பொங்கல் முடிந்து மே வரை. தரை காய்ந்திருக்கும், பசை பிடிக்கும். அக்டோபர் பிறந்துவிட்டால் அடுத்த ஜனவரி வரை பொறுத்திருங்கள். கொட்டேஷனைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்காதீர்கள். தரைச் சீரமைப்பு, வடிகால் விரிப்பு, புல், பசையும் நாடாவும், வலையும் கம்பமும், கூலி என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். தரைச் சீரமைப்பு என்ற வரியே இல்லாத கொட்டேஷன் எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒதுக்கிவிடலாம். பணத்தில் ஒரு பகுதியை முதல் பெருமழை பெய்து வடிந்த பிறகுதான் தருவேன் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் இதற்குச் சரி என்பார்.